நிலாவில் எவ்வளவு உயரம் தாவலாம்?

நிலாவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கு. ஆகவே பூமியில் அரை மீட்டர் உயரம் தாவுபவர் நிலாவில் மூன்று மீட்டர் உயரம் தாவுவார். இந்தக் கணக்கைப் பள்ளியில் படிக்காதவர் அரிது. மூன்று மீட்டர் என்பது ஒரு வீட்டின் கூரை உயரம். நின்ற இடத்திலிருந்து எழும்பிக் கூரையைத் தொடுவது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது!

1969 முதல் 1972 வரை பன்னிரண்டு பேர் நிலாவில் நடந்தனர். அவர்களுள் ஒருவரான ஜான் யங் 1972 ஏப்ரல் 21 அன்று, நாட்டிய கொடியின் முன் வணக்கம் செலுத்தியபடியே துள்ளி எழும்பினார். உடன் சென்ற சார்லஸ் டியூக் அதைப் படம் பிடித்தார். உலகப் புகழ்பெற்ற அந்தத் தாவலின் உயரம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 42 சென்டிமீட்டர்! நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் கைப்பந்து ஆடும் ஒரு மாணவன் எளிதாக எட்டும் உயரம்தான் அது.

அப்படியானால் பள்ளிக் கணக்கு பொய்யா? பொய் இல்லை. ஆனால் அது பாதிக் கணக்கு. மீதிப் பாதியை மனிதன் கண்டறிந்த வரலாறு முந்நூறு ஆண்டு நீளமுடையது. அதன் ஒரு கட்டத்தில் ஒரு வீரரின் உயிரே ஊசலாடியது. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

நியூட்டன் சொன்ன மூன்று மடங்கு

வேற்றுலகில் பொருள்களின் எடை எவ்வளவு இருக்கும் என்பதை முதன்முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் ஐசக் நியூட்டன். ஒரு கோளின் ஈர்ப்பு அதன் நிறையைப் பொறுத்தது. மையத்திலிருந்து நாம் நிற்கும் தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைவது. 1687இல் வெளியான ‘பிரின்சிப்பியா’ நூலில் இவ்விதியை அவர் நிறுவினார். அந்நூலின் மூன்றாம் பதிப்பு 1726இல் வெளிவந்தது. சூரியன், வியாழன், சனி, பூமி ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒரே பொருளின் எடை 10000, 943, 529, 435 என்ற விகிதத்தில் இருக்கும் என்று அதில் காண்கிறோம். வியாழனின் ஈர்ப்பு பூமியைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் என்பது இதன் பொருள். இன்றைய அளவு இரண்டரை மடங்கு. தொலைநோக்கியும் தாளும் எழுதுகோலும் மட்டுமே துணையாக இருந்த காலத்தில் இது வியக்கத்தக்க துல்லியம் அல்லவா?

ஆனால் நமக்கு அண்மையில் உள்ள நிலாவில் அவர் தவறினார்! நிலாவின் ஈர்ப்பு பூமியில் மூன்றில் ஒரு பங்கு என்றே அவருடைய கணக்கு கூறியது. காரணம் என்ன? வியாழனையும் சனியையும் துணைக்கோள்கள் சுற்றுகின்றன. அவை சுற்றும் வேகத்திலிருந்து கோளின் நிறையை அறியலாம். நிலாவைச் சுற்றிவரத் துணைக்கோள் ஏதும் இல்லை. ஆகவே நியூட்டன் கடல் ஓதங்களை நாடினார். சூரியன் எழுப்பும் ஓதத்தையும் நிலா எழுப்பும் ஓதத்தையும் ஒப்பிட்டு நிலாவின் நிறையை அளந்தார். ஓதத்தின் உயரமோ துறைமுகத்தின் அமைப்பையும் கடலின் ஆழத்தையும் பொறுத்து மாறுவது. அதனால் நிலாவின் நிறை பூமியில் ஏறத்தாழ 40இல் ஒரு பங்கு என்ற விடை கிடைத்தது. உண்மையில் அது 81இல் ஒரு பங்குதான்.

பின்வந்த வானியலார் இதைத் திருத்தினர். நிலாவின் ஆரம் பூமியின் ஆரத்தில் ஏறத்தாழ கால் பங்கு. நிறை 81இல் ஒரு பங்கு. இரண்டையும் நியூட்டனின் விதியில் இட்டால் ‘ஆறில் ஒன்று’ கிடைக்கிறது. விதி அவருடையதே, அளவுதான் புதியது.

கதைகளில் தாவியவர்கள்

‘ஆறில் ஒன்று’ என்பது உறுதியானதும் கதாசிரியர்களின் கற்பனை சிறகு விரித்தது. ரஷ்யாவில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவரும், பின்னாளில் ராக்கெட் இயலின் தந்தை எனப் போற்றப்பட்டவருமான சியோல்கோவ்ஸ்கி ‘நிலாவில்’ என்ற சிறு கதையை 1893இல் வெளியிட்டார். ஒருவரும் அவருடைய நண்பரான பௌதிக அறிஞரும் ஒருநாள் கண் விழிக்கும்போது நிலாவில் இருக்கிறார்கள். உடல் லேசாகிவிட்டதைக் கண்டு துள்ளிக் குதிக்கிறார்கள். 1901இல் இங்கிலாந்தின் எச். ஜி. வெல்ஸ் ‘நிலாவில் முதல் மனிதர்கள்’ என்ற நாவலை நூலாக வெளியிட்டார். அதிலும் கதாநாயகர்கள் பாறைக்குப் பாறை தாவுகிறார்கள். 1912இல் அமெரிக்காவின் எட்கர் ரைஸ் பர்ரோஸ் தம் கதாநாயகனைச் செவ்வாய்க்கே அனுப்பினார். அங்கு அவனுக்கு வீரப்புகழ் தேடித் தந்ததே அவனுடைய பெருந்தாவல்தான்.

இக்கதைகளில் எல்லாம் ஒரு பொதுவான எண்ணம் உண்டு: ஈர்ப்பு குறைந்தால் மனிதன் பலசாலி ஆகிவிடுவான். இந்த எண்ணத்தைச் சற்று உரைத்துப் பார்க்க வேண்டும்.

தாவல் என்பது என்ன?

தாவுபவர் முதலில் முழங்காலை மடக்கிக் குனிகிறார். பின் கால்களால் தரையை உந்தி உடலை நிமிர்த்துகிறார். பாதங்கள் தரையை விட்டு நீங்கியதும் அவருடைய வேலை முடிந்தது. அதன்பின் எவ்வளவு உயரம் செல்வார் என்பதைப் புறப்பட்ட வேகமும் ஈர்ப்பும் மட்டுமே முடிவு செய்யும். உயரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும் என்பதை 1638லேயே கலிலியோ விளக்கிவிட்டார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 75 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் குனிந்த நிலையிலிருந்து 40 செ.மீ. நிமிர்ந்து, அதன்மேல் 50 செ.மீ. உயரம் எழும்புகிறார். அவர் தரையை நீங்கும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர். நிலாவிலும் அவர் இதே வேகத்தில் புறப்பட்டால் 3 மீட்டர் உயரம் செல்வார். இதுவே நாம் அறிந்த ‘ஆறு மடங்கு’.

ஆனால் அதே வேகத்தில்தான் புறப்படுவாரா? பூமியில் அவருடைய கால்கள் உடலை மொத்தம் 90 செ.மீ. உயர்த்துவதற்கான வேலையைச் செய்கின்றன. அது ஏறத்தாழ 660 ஜூல். இதில் 290 ஜூலுக்கு மேல் நிமிர்வதற்கே செலவாகிவிடுகிறது. எஞ்சியதே தாவலுக்குப் பயன்படுகிறது. நிலாவிலோ நிமிர்வதற்கு 50 ஜூல் போதும். எஞ்சிய 610 ஜூலும் தாவலுக்கே. இக்கணக்கின்படி அவர் 5 மீட்டர் உயரம் எழும்ப வேண்டும். ஆறு மடங்கு அல்ல, பத்து மடங்கு!

இங்கே தசையின் இயல்பு குறுக்கிடுகிறது. பிரிட்டிஷ் உடலியலார் ஆர்க்கிபால்ட் ஹில் தவளைத் தசையை ஆராய்ந்து 1938இல் ஓர் உண்மையை வெளியிட்டார். தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறதோ, அவ்வளவுக்கு அதன் விசை குறைகிறது. கனமான வண்டியைத் தள்ளும்போது நம் முழு வலுவையும் செலுத்த முடிகிறது. காலிப் பெட்டியைத் தள்ளினால் கை விரைந்து நீளுமே தவிர, முழு வலுவையும் அதில் செலுத்த முடியாது. நிலாவில் உடல் விரைவாக நிமிரும். தசையின் விசையும் அதற்கேற்பக் குறையும். ஆகவே உண்மை விடை 3 மீட்டருக்கும் 5 மீட்டருக்கும் இடையில் எங்கோ இருக்கும்.

இவை அனைத்தும் சாதாரண உடையில், மூச்சுக்குக் காற்றுள்ள கூடத்தில் நின்று தாவுபவருக்கு உரிய கணக்கு. நிலாவில் அப்படி ஒரு கூடம் இன்றுவரை இல்லை.

சாய்ந்த சுவரில் ஓர் ஒத்திகை

மனிதனுக்கு முன் இயந்திரங்கள் நிலாவில் துள்ளின. 1967 ஏப்ரலில் இறங்கிய சர்வேயர்–3 கலத்தின் எஞ்சின்கள் உரிய நேரத்தில் நிற்கவில்லை. அதனால் அது தரையைத் தொட்டபின் மீண்டும் எழும்பிக் குதித்தது. அதே ஆண்டு நவம்பரில் சர்வேயர்–6 கலத்தின் எஞ்சின்களை விஞ்ஞானிகள் வேண்டுமென்றே இரண்டரை விநாடி இயக்கினர். கலம் 3 மீட்டருக்கு மேல் எழும்பி, சுமார் இரண்டரை மீட்டர் தள்ளி இறங்கியது. நிலாத் தரையிலிருந்து திட்டமிட்டு நிகழ்த்திய முதல் தாவல் இதுவே.

மனிதர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது? பூமியில் ஈர்ப்பைக் குறைக்க முடியாதே! அமெரிக்காவின் லாங்லி ஆராய்ச்சி மையத்தார் ஓர் எளிய உபாயம் கண்டனர். வீரரைப் பக்கவாட்டில் படுத்த நிலையில் நீண்ட கம்பிகளில் தொங்கவிட்டனர். அவர் பாதம் பதியும் சுவர் செங்குத்திலிருந்து 9.5 பாகை சாய்ந்திருந்தது. அவருடைய எடையின் பெரும்பகுதியைக் கம்பிகள் தாங்கிக்கொண்டன. ஆறில் ஒரு பங்கு மட்டுமே கால்களில் விழுந்தது. திரிகோண கணிதம் படிப்பவர்கள் 9.5 பாகையின் சைன் மதிப்பைப் பார்த்தால் இந்தச் சாய்வின் காரணம் விளங்கும்.

இதே காலத்தில் இத்தாலியின் மிலான் நகரில் உடலியலார் மார்கரியாவும் அவருடைய துணைவரும் வேறொரு கோணத்தில் சிந்தித்தனர். நடக்கும்போது ஊன்றிய காலின்மேல் நம் உடல் ஒரு வில்வட்டத்தில் சென்று இறங்குகிறது. அவ்வாறு இறங்குவதற்கு ஈர்ப்பு துணைசெய்ய வேண்டும். ஈர்ப்பு குறைந்த இடத்தில் விரைந்து நடக்க முயன்றால் கால் தரையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். காலின் நீளம் 90 செ.மீ. எனக் கொண்டால் பூமியில் நடையின் உச்சவரம்பு மணிக்குச் சுமார் 10.7 கி.மீ. நிலாவிலோ 4.4 கி.மீ. மட்டுமே. அதற்குமேல் விரைய வேண்டுமானால் துள்ளியே செல்ல வேண்டும். நிலாவில் மனிதன் நடப்பதைவிடத் துள்ளுவான் என்று இவர்கள் 1964இலேயே எழுதினார்கள்.

நிலாவில் நிகழ்ந்தது

1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் நிலாவில் இறங்கினர். தொலைக்காட்சிக் கேமரா முன் ஆல்டிரின் பலவகை நடைகளைச் செய்து காட்டினார். கங்காருவைப் போல் இரு கால்களாலும் குதித்தார். ஒரு கால் மாற்றி ஒரு காலாகத் துள்ளினார். நிற்க வேண்டுமானால் இரண்டு மூன்று அடிகளுக்கு முன்பே நிற்கத் தொடங்க வேண்டும் என்பதையும் கண்டுகொண்டார். மிலான் அறிஞர்களின் ஆரூடம் பலித்தது.

நிற்பது ஏன் கடினம்? இங்கேதான் நம் கட்டுரையின் மையக் கருத்து இருக்கிறது. நிலாவில் குறைவது எடை. நிறை குறைவதில்லை. எடை என்பது ஒரு பொருளைக் கோள் இழுக்கும் விசை. நிறை என்பது அப்பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. பொருளைத் தூக்கிப் பிடிப்பதற்கு எடை தடை. அதை ஓட வைப்பதற்கும், ஓடுவதை நிறுத்துவதற்கும் நிறை தடை. முழுதும் ஏற்றிய கட்டை வண்டியை நிலாவில் தூக்குவது எளிது. ஓடிவரும் அதே வண்டியை மார்பு கொடுத்து நிறுத்துவது பூமியில் உள்ளதைப் போலவே அபாயம்.

இப்போது ஜான் யங்கிடம் திரும்புவோம். அவர் அணிந்த உடையும் முதுகில் சுமந்த உயிர்காப்புப் பெட்டியும் சேர்ந்தால் அவருடைய உடலுக்குக் குறையாத நிறை. எல்லாம் சேர்த்து நிலாவில் அவருடைய எடை 30 கிலோகிராம் எடைக்கு ஒப்பானது. ஒரு சிறுவனின் எடை! ஆனால் கால்கள் உந்தித் தள்ள வேண்டிய நிறை 180 கிலோகிராம்.

பூமியில் அரை மீட்டர் தாவும் போது உடலுக்குக் கிடைக்கும் இயக்க ஆற்றல் சுமார் 370 ஜூல் என்று மேலே உள்ள கணக்கிலிருந்து அறியலாம். அதே ஆற்றலை 180 கிலோகிராமுக்குக் கொடுத்தால் நிலாவில் எட்டும் உயரம் ஒன்றேகால் மீட்டர்தான். மூன்று மீட்டர் இதற்குள் ஒன்றேகால் ஆகிவிட்டது. அதோடு முடியவில்லை. விண்வெளி உடை காற்றடைத்த சைக்கிள் டியூபைப் போல் விறைத்து நிற்பது. அதில் முழங்காலை மடக்குவதே பாடு. குனிய முடியாதவர் எப்படிப் பெருந்தாவல் தாவுவார்? எஞ்சியது 42 செ.மீ.

இந்த அளவை எப்படி அறிந்தார்கள்? மாணவர்களும் இதைச் சரிபார்க்கலாம். படச்சுருளில் யங் தரையை விட்டு எழுந்து மீண்டும் தரையைத் தொடும்வரை 1.45 விநாடி ஆகிறது. இதில் பாதி ஏறுவதற்கு, பாதி இறங்குவதற்கு. நிலாவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62. இதன் பாதியை 0.725இன் இருமடியால் பெருக்குங்கள். விடை 0.42ஐ ஒட்டி வரும். பூமியில் இதே உயரம் தாவினால் 0.6 விநாடிக்குள் தரைக்கு வந்துவிடுவோம். யங் கண்ட அதிசயம் உயரத்தில் இல்லை, நேரத்தில் இருந்தது. முதுகில் அத்தனை சுமையோடும் அவர் பூமியில் தாவுவதைப்போல் இரண்டரை மடங்கு நேரம் வெளியில் மிதந்தார்.

நிலாவில் நடந்தவர்களுள் உயரத் தாவிய முயற்சியை ஆர்ம்ஸ்ட்ராங்கும் செய்திருக்கிறார். வேலை முடிந்து இறங்கு கலத்துக்குள் திரும்பும்போது, ஏணியின் அடியில் இயன்றவரை நன்கு குனிந்து, இரு கால்களாலும் உந்தி எழும்பினார். கைகளைப் பிடிகளில் வைத்து வழிப்படுத்திக்கொண்டார். மூன்றாம் படியை எட்டினார். அது தரையிலிருந்து ஐந்து, ஆறு அடி உயரம் இருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு. ஆனால் பிடிமானம் இல்லாத இடத்தில் உயரத் தாவியபோது உடல் பின்பக்கம் சாய்வதையும், ஒருமுறை விழும் நிலைக்கு வந்ததையும் அவர் தம் அறிக்கையில் எச்சரித்திருந்தார்.

டியூக் விழுந்த கதை

1972 மியூனிக் ஒலிம்பிக் ஆண்டு. யங்கும் டியூக்கும் நிலாவில் ஒரு குட்டி ஒலிம்பிக் நடத்தவும் எண்ணியிருந்தனர். மூன்றாம் நாள் வேலையின் முடிவில், உயரம் தாண்டும் முயற்சியாக டியூக் வலுவாக எழும்பினார். எழும்பும்போதே உடல் பின்னோக்கிச் சாயத் தொடங்கிவிட்டது. கைகளை வீசினார், பயனில்லை. முதுகுப் பெட்டி தரையில் மோதும்படி மல்லாந்து விழுந்தார்.

அந்தப் பெட்டியில்தான் அவருடைய மூச்சுக்காற்றும் உடலைக் குளிர்விக்கும் நீரும் வானொலியும் இருந்தன. பெட்டி உடைந்தாலோ, உடை கிழிந்தாலோ அதோடு முடிந்தது. விழும்போது அவர் வலப்பக்கம் உருண்டு மோதலைத் தணிக்க முயன்றார். பிறகு அசையாமல் கிடந்து, பம்புகள் ஓடும் ஓசை கேட்கிறதா என்று கவனித்தார். ஓசை கேட்டது. யங் கை கொடுக்க, எழுந்து நின்றார். நிலாவில் தாம் உண்மையாகவே நடுங்கிய கணம் அது ஒன்றுதான் என்று பின்னாளில் டியூக் பலமுறை கூறியிருக்கிறார்.

பயிற்சி பெற்ற விமானி ஏன் நிலைதடுமாறினார்? இரண்டு காரணங்கள். முதலாவது, முதுகுச் சுமை அவருடைய ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்கும் மேலுக்கும் நகர்த்தியிருந்தது. பாதங்கள் கொடுத்த உந்துதல் அம்மையத்தின் வழியே செல்லவில்லை. ஆகவே உடல் சுழலத் தொடங்கியது. இரண்டாவது, மிதக்கும் நேரம். ஒருவர் எழும்பும்போது விநாடிக்கு 10 பாகை வீதம் பின்னோக்கிச் சாய்கிறார் என்று கொள்வோம். பூமியில் அரை மீட்டர் தாவலுக்கு 0.64 விநாடி. இறங்குவதற்குள் 6 பாகைதான் சாய்வார், காலூன்றிச் சமாளித்துவிடலாம். நிலாவில் அதே வேகத்தில் எழும்பினால் 3.9 விநாடி மிதக்க வேண்டும். அதற்குள் 39 பாகை சாய்ந்துவிடுவார்! நடுவில் திருத்திக்கொள்ளப் பிடிமானம் ஏது? காற்றும் இல்லை.

இறங்கும் வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். நிலாவில் மெதுவாக விழுவோம், ஆகவே அடிபடாது என்று பலர் நினைக்கின்றனர். காற்றில்லாத இடத்தில் எந்த வேகத்தில் எழும்பினோமோ அதே வேகத்தில்தான் தரைக்குத் திரும்புவோம். மூன்று மீட்டர் உயரம் தாவியவர் விநாடிக்கு 3.1 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவார். பூமியில் அரை மீட்டரிலிருந்து குதிக்கும் அதே வேகம்தான். கால் ஊன்றி இறங்கினால் ஒன்றுமில்லை. முதுகு ஊன்றி இறங்கினால்?

மற்ற உலகங்களில்

இந்தப் பாடத்தை மனத்தில் கொண்டு மற்ற உலகங்களை எட்டிப் பார்க்கலாம். பூமியில் அரை மீட்டர் தாவும் நம் நண்பரை, உடைச்சுமை ஏதுமின்றி, அதே புறப்பாட்டு வேகத்தோடு அனுப்புவோம். வெள்ளியில் 55 செ.மீ.; செவ்வாயிலும் புதனிலும் ஏறத்தாழ 1.3 மீட்டர், சனியின் துணைக்கோளான டைட்டனில், அதன் அடர்ந்த காற்றைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 3.6 மீட்டர்.

வியாழனில் நிற்கத் தரை இல்லை. இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டால், ‘இரண்டரை மடங்கு ஈர்ப்பு, ஆகவே 20 செ.மீ. தாவலாம்’ என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. அங்கே குனிந்த நிலையிலிருந்து நிமிர்வதற்கு மட்டும் 740 ஜூல் வேண்டும். நம் நண்பரின் கால்கள் தருவதோ 660. அவர் குந்தினால் எழுந்து நிற்பதே பெரும்பாடு. தாவலுக்கு இடமே இல்லை.

மறுபுறம், மிகச் சிறிய உலகங்களில் ஆபத்து வேறு விதமானது. செவ்வாயின் சிறிய துணைக்கோள் டெய்மோஸ். 1877இல் ஆசப் ஹால் கண்டுபிடித்தது. அங்கே விநாடிக்கு 5.6 மீட்டர் வேகத்தில் எழும்பும் எதுவும் திரும்பி வராது. நம் நண்பரின் 3.1 மீட்டர் வேகம் அதற்குக் குறைவுதான். ஆயினும் அவர் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே போய்விட்டு, அரைமணி நேரத்துக்கும் மேல் கழித்தே தரைக்கு வருவார். உயிர்க்காற்றின் கையிருப்பைப் பார்த்துக்கொண்டு தாவ வேண்டிய இடம் அது!

வால்மீனில் நிலைமை இன்னும் கடுமை. 2014 நவம்பர் 12 அன்று ஐரோப்பியரின் ஃபீலே கலம் 67பி என்ற வால்மீனில் இறங்கியது. நூறு கிலோகிராம் நிறையுள்ள அக்கலத்தின் எடை அங்கே ஓரிரு கிராம்தான். தரையைக் கவ்விப் பிடிக்க வேண்டிய ஈட்டிகள் வேலை செய்யவில்லை. கலம் தரையில் பட்டு விநாடிக்கு 38 செ.மீ. என்ற ஆமை வேகத்தில் எகிறியது. சுமார் ஒரு கிலோமீட்டர் உயர்ந்து, 1 மணி 50 நிமிடம் கழித்து வேறோர் இடத்தில் இறங்கியது. அவ்வால்மீனை விட்டு நீங்க விநாடிக்கு ஒரு மீட்டர் வேகமே போதும். அங்கே ஒரு மனிதன் உற்சாகமாகத் துள்ளினால் அதுவே அவனுடைய கடைசித் துள்ளலாகிவிடும்.

ஜப்பானியர் இக்குறையையே நிறைவாக்கிக்கொண்டனர். சக்கரம் பற்றாத இடத்தில் துள்ளியே ஊரலாம் அல்லவா? 2018 செப்டம்பரில் ரியுகு என்ற குறுங்கோளில் அவர்கள் இறக்கிய சிறு ஊர்திகள், உள்ளே ஒரு மோட்டார் சுழல்வதால் எழும்பித் தத்தித் தத்திச் சென்று படங்கள் அனுப்பின.

இனித் தாவப் போகிறவர்கள்

நிலாவில் தாவியவர்களின் வரிசையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்–3இன் விக்ரம் கலம் நிலாவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் அத்திட்டத்தின் இயக்குநர். ஆய்வுகள் முடிந்தபின், செப்டம்பர் 3 அன்று கலத்தின் எஞ்சின்களை மீண்டும் இயக்கினர். விக்ரம் சுமார் 40 செ.மீ. எழும்பி, 30–40 செ.மீ. தள்ளிப் பத்திரமாக இறங்கியது. யங்கின் தாவலும் விக்ரமின் தாவலும் ஏறத்தாழ ஒரே உயரம் என்பது சுவையான பொருத்தம். நிலாவிலிருந்து மீண்டும் புறப்பட முடியும் என்பதற்கு அந்த 40 செ.மீ. ஒரு சோதனை.

மனிதர் மீண்டும் நிலாவுக்கும், அதன்பின் செவ்வாய்க்கும் செல்லும் திட்டங்கள் தீட்டப்பட்டுள்ளன. செவ்வாயை அடைய ஆறு மாதத்துக்கு மேல் எடையின்றி மிதக்க வேண்டும். எடையில்லாத நிலையில் கால் தசைகளும் எலும்பும் தளர்கின்றன என்பதை விண்வெளி நிலையங்களில் கண்டிருக்கிறோம். அதனால்தான் அங்கே உள்ளவர்கள் நாள்தோறும் இரண்டு மணி நேர அளவுக்கு உடற்பயிற்சி செய்கின்றனர். எனவே செவ்வாயில் முதலில் கால் வைப்பவருக்கு எடை குறைந்திருக்கும், கால்வலுவும் குறைந்திருக்கும், சுமக்கும் நிறை மட்டும் குறைந்திருக்காது. பிடித்துத் தூக்கிவிட அருகில் மருத்துவமனையும் இராது.

ஆகவே ‘நிலாவில் ஆறு மடங்கு உயரம் தாவலாம்’ என்று அடுத்த முறை படிக்கும்போது, பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு நிறையைச் சுமந்துகொண்டு? எவ்வளவு நேரம் மிதந்து? எப்படி இறங்கி? முதல் கேள்விக்கு விடை தந்தவர் யங். மற்ற இரண்டுக்கும் விடை தந்தவர், அசையாமல் மல்லாந்து கிடந்து பம்பின் ஓசைக்குச் செவி சாய்த்த டியூக்.